மலைக்கிளைக்கு லாகின் சர்வர் மலையிலேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் நீலகிரிப் பக்கத்தில் 'சர்வர் கோளாறு: பொதுமக்கள் அவதி' என்று ஒரு சின்னச் செய்தி போட்டிருந்தீர்கள். நாலைந்து வரிதான். கூடவே ஒரு படம், மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். எந்த அலுவலகம் என்பது எனக்கு முக்கியமில்லை. அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நான் அருவங்காட்டில் குடியிருக்கிறேன். 2001-இலிருந்து ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பார்த்து வருகிறேன். தலைமை அலுவலகம் கோவையில். மலையில் குன்னூர், ஊட்டி, கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர், பந்தலூர் என்று ஆறு கிளைகள். இத்தனை வருடத்தில் 'சர்வர் டவுன்' என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பிய நாட்களை எண்ணிப் பார்த்தால், சர்வர் உண்மையிலேயே கெட்டுப்போன நாட்கள் மிகச் சில. மற்ற நாளெல்லாம் சர்வர் கோவையில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிளையிலிருந்து அதற்குப் போகும் வழிதான் அறுந்திருந்தது. வழி அறுந்தால் என்ன செய்வது என்று நாங்கள் யோசித்து வைக்கவில்லை. யோசித்து வைத்த பிறகும், அதைச் செய்து பார்க்கவில்லை. இரண்டு தவறையும் நான் செய்திருக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை. கூடலூர் பக்கம் மூன்று நாளாக விடாத மழை. ஞாயிறு இரவு நடுவட்டத்துக்குக் கீழே கற்பூர மரங்கள் சாய்ந்து, மண்ணும் சரிந்து, ஊட்டி ரோடு அடைபட்டுவிட்டது. அந்த ரோட்டு ஓரக் கம்பங்களில்தான் எங்கள் ஃபைபரும் வந்துகொண்டிருந்தது. காலை ஒன்பதரைக்குக் கூடலூர் கிளையிலிருந்து எனக்குப் போன். கோத்தகிரியிலிருந்து மாற்றலாகி அன்றைக்குத்தான் அங்கே வேலையில் சேர்ந்த பெண். "சார், பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறேன், உள்ளே விடமாட்டேங்குது" என்றார். திரையில் வந்திருந்த ஆங்கில வரியை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக் காட்டினார். உங்கள் லாகின் கோரிக்கையைக் கவனிக்க இப்போது லாகான் சர்வர் எதுவும் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் பெயரும் பாஸ்வேர்டும் அடிக்கும்போது, அது சரியா தப்பா என்று பார்ப்பது அவர் மேசையில் இருக்கிற கம்ப்யூட்டர் இல்லை. டொமைன் கன்ட்ரோலர் என்கிற சர்வர் பார்க்கிறது. இதைத்தான் லாகின் சர்வர் என்கிறேன். சரி என்றால் ஒரு டிக்கெட் கொடுக்கும். யாரும் மாற்றி வைக்காவிட்டால் அது 10 மணி நேரம் செல்லும். பிரின்டர், கணக்குப் புத்தகம், பொதுக் கோப்புகள் என்று எதைத் திறக்கப் போனாலும் அந்த டிக்கெட்டின் பேரில்தான் கதவு திறக்கும். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர் அதே மெஷினில் பல மாதம் வேலை பார்த்தவர். ஒரு மெஷினில் கடைசியாக நுழைந்த 10 பேரை விண்டோஸ் ஞாபகம் வைத்திருக்கும். அதனால் அவரை உள்ளே விட்டது. ஆனால் கையில் புது டிக்கெட் இல்லையே, கணக்கு திறக்கவில்லை.

எங்கள் நிறுவனத்தில் ஒவ்வொரு கிளையின் கணக்கும் அந்தந்தக் கிளையின் சர்வரிலேயே இருக்கிறது. இரவில் ஒரு பிரதி கோவைக்குப் போகும். ஆக, அன்றைக்குக் கூடலூரில் நகை லாக்கரில் இருந்தது. கணக்கு அதே அறையில் இருந்தது. மேனேஜர் இருந்தார், சாவி இருந்தது, கரன்ட்கூட இருந்தது. இவர் இன்னார்தான் என்று சொல்லும் சர்வர் மட்டும் 130 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கோவையில் இருந்தது.

பந்தலூர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். கொழுந்து பறிக்கிறவர். பேத்தியின் நிச்சயத்துக்காக அடகு வைத்த கம்மலை மீட்க வந்தவர். பணத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மேலே கைக்குட்டை கட்டி, மடியில் வைத்திருந்தார். மேனேஜர் போனைப் பிடித்தபடியே, "கொஞ்சம் உட்காருங்கம்மா, இப்ப வந்துடும்" என்று சொல்வது எனக்குக் கேட்டது. அது எத்தனையாவது தடவையோ. கணக்கில் ஏறாமல் நகையை வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி. அது சரியான விதிதான். மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் ஊருக்குப் போக முடியாது என்று அவர் எழுந்து போய்விட்டார். லைன் புதன்கிழமை மாலைதான் வந்தது. நிச்சயம் புதன்கிழமை காலை. கம்மலை வியாழக்கிழமை வாங்கிப் போனார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை என்று மேனேஜர் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. என் அம்மாவும் தேவர்சோலைப் பக்கம் கொழுந்து பறித்தவர். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்தக் கூலி போனதுதான், திரும்ப வராது.

அன்றைக்கு எங்களிடம் இரண்டாவது லாகின் சர்வர் இல்லாமல் இல்லை. ஊட்டியில் ஒன்று வைத்திருந்தோம். கோவைக்கு லைன் போனால் எல்லாக் கிளையும் ஊட்டியைக் கேட்டுக்கொள்ளும் என்று ஏற்பாடு. காகிதத்தில் பார்த்தால் அழகான ஏற்பாடு. ஆனால் கூடலூரிலிருந்து ஊட்டிக்கும் கோவைக்கும் ஒரே நடுவட்டம் ரோடு வழியாகத்தான் லைன் போனது. இரண்டு தனித்தனிக் கம்பெனியிடம் இரண்டு லைன் வாங்கியிருந்தோம், மாதாமாதம் இரண்டு பில்லும் கட்டினோம். கம்பம் ஒன்றுதான்.

எங்கள் தொழிலில் இதை ஃபெயில்ஓவர் என்போம். ஒன்று விழுந்தால் அடுத்தது தானாக எடுத்துக்கொள்வது. நம் மலைக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் யாரும் சொல்லாமலே மேட்டுப்பாளையத்தில் வண்டியைக் கோத்தகிரி ரோட்டுக்குத் திருப்பிவிடுகிறோம். 2009 நவம்பரில் ஒரே வாரத்தில் இந்த மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்ட உயிர்களை மழை கொண்டுபோனது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எந்த ரோடு எப்போது போகும் என்று தெரியாத ஊர் இது. இங்கே இருக்கிற ஆபீஸ்காரர்கள் மட்டும், கோவையிலோ சென்னையிலோ இருக்கிற சர்வருக்கு எப்போதும் வழி இருக்கும் என்று எப்படி நம்பினோம் என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அந்த வருடமே கூடலூர் கிளைக்குள் ஒரு லாகின் சர்வர் வைத்தோம். கிளை இருப்பது வாடகைக் கட்டடத்தின் மாடியில், மரப் பலகைத் தடுப்புக்குப் பின்னால். அந்த இடத்தில் நிறுவனத்தின் எல்லா ஊழியர் பாஸ்வேர்டும் இருக்கிற முழு சர்வரை வைக்க எனக்கு மனசு வரவில்லை. இதற்கென்றே 2008-ஆம் ஆண்டு விண்டோஸ் சர்வரிலிருந்து படிக்க மட்டுமான டொமைன் கன்ட்ரோலர் ஒன்று உண்டு. நாம் அனுமதிக்கிற ஆட்களின் பாஸ்வேர்ட் விவரம் மட்டும் அதில் தங்கும். அதில் யாரும் எதையும் மாற்ற முடியாது. பெட்டியையே தூக்கிப் போனாலும் அந்தக் கிளையின் ஏழெட்டுப் பேரின் பாஸ்வேர்டை மாற்றினால் போதும். மலைக்கிளைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று இன்றும் சொல்வேன்.

வைத்தாயிற்று, இனி நிம்மதி என்று இருந்தோம். அடுத்த மே மாதம், மழைக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நானே கூடலூர் போய் ரவுட்டரிலிருந்து வெளி கேபிளைக் கழற்றினேன். எல்லோரையும் மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன். ஒருவரால்கூடச் சரியாக உள்ளே போக முடியவில்லை. பக்கத்திலேயே, கைக்கெட்டுகிற தூரத்தில், பச்சை விளக்கு எரிய சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் உள்ளே விடவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. டொமைனில், அதாவது நிறுவனத்தின் லாகின் பட்டியலில், ஆளுக்கு ஒரு லாகின் கணக்கு இருப்பதுபோல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு லாகின் கணக்கும் பாஸ்வேர்டும் உண்டு. நான் ஆட்களின் பாஸ்வேர்டை அந்தச் சர்வரில் தங்க அனுமதித்திருந்தேன், கம்ப்யூட்டர்களை மறந்துவிட்டேன். லைன் இருக்கும்வரை அது கோவையைக் கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால் குறை வெளியே தெரியவே இல்லை. அந்தக் கேபிளை நான் கழற்றாமல் இருந்திருந்தால் ஜூலையில் இன்னொரு அம்மா மடியில் பணத்தோடு உட்கார்ந்திருப்பார்.

அதிலிருந்து எங்கள் ஆறு கிளையிலும் வருடத்துக்கு இரண்டு தடவை கேபிளைக் கழற்றுகிறோம். கூடலூர், பந்தலூர், மஞ்சூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை என்பதால் மே கடைசியில். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குதான் பயம் என்பதால் செப்டம்பர் கடைசியில். ஊட்டிக்கு இரண்டுமே. மற்றக் கிளைகளின் இரண்டாவது சுற்றை வசதிப்பட்ட மாதத்தில் வைத்துக்கொள்கிறோம். விடுமுறை நாளில் செய்தால் உண்மை தெரியாது. வேலை நாளில், கூட்டம் குறைகிற மதியம் மூன்று மணிக்கு மேல் செய்கிறோம். மெஷினை அணைத்துப் போட வேண்டும். மேனேஜர் உள்ளே போனால் போதாது, கிளைக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர் போக வேண்டும். ஒரு ரசீதாவது போட்டு, பிரின்ட் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். அதுவரை கேபிளை மாட்டுவதில்லை.

ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று வெளியே வருகிறது. கோத்தகிரியில் டிஎன்எஸ். லாகின் சர்வர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் முதலில் டிஎன்எஸ்ஸைத்தான் கேட்கும். முதல் டிஎன்எஸ்ஸாகக் கோத்தகிரிச் சர்வரையும், அது இல்லாதபோது கேட்க இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் ஒன்றையும் யாரோ போட்டு வைத்திருந்தார்கள். லைன் இருக்கும்போதே அந்தச் சர்வரை மட்டும் நிறுத்திப் பார்த்ததும் மெஷினெல்லாம் வெளியாளிடம் போய் எங்கள் வீட்டு விலாசத்தைக் கேட்டன. அவருக்கு எப்படித் தெரியும்? ஊட்டியில் சர்வர் தயாராக இருந்தும் ஒரு மெஷின்கூட அங்கே போகவில்லை. இரண்டாவது டிஎன்எஸ்ஸும் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதை இப்போது கிளை கிளையாகச் சரிபார்த்து வைத்திருக்கிறேன். அதைச் சரிசெய்து மறுபடி நிறுத்திப் பார்த்தபோது மெஷின்கள் ஊட்டிக்குப் போயின, ஆனால் கோத்தகிரிச் சர்வரைத் திரும்பப் போட்ட பிறகும் சில மெஷின்கள் ஊட்டியைவிட்டு வரவில்லை. தானாக மறுபடி தேட 12 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும், நாம்தான் தேடச் சொல்ல வேண்டும். குன்னூர் ரோடு திறந்த பிறகும் தெரியாமல் கோத்தகிரி சுற்றிப் போகிற வண்டி மாதிரி.

மஞ்சூரில் கடிகாரம். அங்கே ஒரு குளிர்காலத்தில் கரன்ட் அடிக்கடி போய், யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து, சர்வர் பலமுறை அணைந்து எழுந்தது. மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி செத்திருந்ததால் கடிகாரம் பின்னால் போய்விட்டது. இந்த டிக்கெட் முறையில் இரண்டு பக்கக் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் நுழைய விடாது. பழைய டிக்கெட்டைத் திருடி யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. லைன் இருந்தால் கோவைச் சர்வரைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும். கோவைச் சர்வர் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இந்திய நேரத்தைப் பார்த்துக்கொள்ளும். லைன் இல்லாத நாளில் மஞ்சூருக்கு நேரம் சொல்ல ஆளில்லை. ஒரு பொத்தான் பேட்டரி மாற்றினோம், சரியாயிற்று. இப்போது அந்த பேட்டரியும் எங்கள் சரிபார்ப்பில் இருக்கிறது.

லைனையும் மாற்றினோம். கூடலூருக்கு ஊட்டி வழி ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே தவிர, அந்த ஊரிலிருந்து வயநாட்டுக்கு ரோடு போகிறது, நாடுகாணி இறங்கி நிலம்பூருக்குப் போகிறது, முதுமலை வழியாக மைசூருக்குப் போகிறது. இரண்டாவது லைனை வயநாடு பக்கத்திலிருந்து வருகிற ஒன்றாகக் கேட்டு வாங்கினோம். எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த ரோடு வழியாக வருகிறது என்று கேளுங்கள் என்பதே இந்த மாவட்டத்தில் கிளை வைத்திருக்கிற எல்லோருக்கும் என் வேண்டுகோள். 4ஜி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த டவருக்கும் அதே ரோட்டு ஃபைபர்தான் வருகிறதா, கரன்ட் போனால் டவர் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

எங்கள் நிர்வாகத்திலும் கேட்டார்கள், நாலு கம்ப்யூட்டர் இருக்கிற கிளைக்கு ஒரு சர்வரா என்று. இப்போதெல்லாம் கிளவுடில், அதாவது இணையம் வழியாக வெளியார் சர்வரில், போட்டுவிடலாமே என்றும் கேட்டார்கள். சமவெளியில் இருக்கிற கிளைக்கு அது நல்ல யோசனைதான், நான் மறுக்கவில்லை. அங்கே லைன் அறுந்தால் இரண்டு மணி நேரத்தில் ஆள் வந்து ஒட்டிவிடுவார். நடுவட்டத்தில் மண் சரிந்தால் ஒட்ட வருகிறவரே ரோடு திறக்கும்வரை அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அப்புறம், இந்த வேலைக்குப் பெரிய சர்வர் தேவையே இல்லை. ஒரு சின்னப் பெட்டி, ஒரு நல்ல யுபிஎஸ். லைசென்ஸுக்குப் பணமில்லாத சிறு கூட்டுறவுச் சங்கங்கள்கூட, 2012 டிசம்பரில் சாம்பா 4 என்கிற இலவச மென்பொருள் வெளிவந்ததிலிருந்து அதிலேயே டொமைன் கன்ட்ரோலர் வைத்துக்கொள்ள முடிகிறது.

இதில் ஒரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். லைன் இல்லாத நாளில் கோவையில் ஒருவரை வேலையைவிட்டு நீக்கி, லாகின் கணக்கை முடக்கினாலும், அந்தச் செய்தி மலைச் சர்வருக்குப் போய்ச் சேராது. அவர் அன்றைக்கும் உள்ளே போகலாம். லைன் இருக்கும்போதேகூட, ஒரு கிளைக்கும் மற்றதற்கும் இடையே விவரம் பரிமாற 180 நிமிடம் என்றுதான் முதலில் வைத்துக் கொடுக்கிறார்கள். நாங்கள் அதை 15 நிமிடமாகக் குறைத்திருக்கிறோம், லைன் அறுந்த நாளில் மேனேஜருக்குப் போனில் சொல்லி அவரை மேசையில் உட்காரவிடாமல் பார்த்துக்கொள்கிறோம். பாதுகாப்பைக் காரணம் சொல்லி மலைக்கிளைக்குச் சர்வரே வேண்டாம் என்பவர்களுக்கு என் பதில் இதுதான். அந்த ஆபத்து உண்மை, அதைச் சமாளிக்க வழியும் உண்டு.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எந்த அலுவலகத்திலாவது 'சர்வர் கோளாறு' என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாமல், கெட்டது சர்வரா, லைனா என்று கேளுங்கள். மாற்றுச் சர்வர் எங்கே இருக்கிறது, அது எந்த ரோடு வழியாகக் கிடைக்கும் என்று கேளுங்கள். கடைசியாக அதை எப்போது சோதித்தார்கள் என்று தேதி கேளுங்கள். அந்தத் தேதியைச் செய்தியில் போடுங்கள். பத்திரிகையில் வரும் என்றால் நிர்வாகங்கள் காது கொடுக்கும், என்னைப் போன்ற ஊழியர்கள் எழுதுகிற குறிப்பைவிட அதற்கு மதிப்பு அதிகம். ரோடு அகலப்படுத்தும் வேலைக்கு மண் தோண்டுகிறவர்கள், தோண்டும் முன் ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதையும் மாவட்ட நிர்வாகத்தின் காதில் போடுங்கள். மழை அறுத்தது பாதி, ஜேசிபி அறுத்தது பாதி என்பது எங்கள் அனுபவம்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் கோத்தகிரிக் கிளையில் கேபிளைக் கழற்றப் போகிறோம். நிறுவனத்தின் பெயரைப் போடாமல் எழுதுவதாக இருந்தால் உங்கள் நிருபர் வந்து பக்கத்தில் நின்று பார்க்கலாம், மேனேஜரிடம் பேசிவிட்டேன். மலையில் இருக்கிற கூட்டுறவுச் சங்கமோ, பள்ளிக்கூடமோ, சின்ன ஆஸ்பத்திரியோ தங்கள் இடத்தில் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க விரும்பினால் உங்கள் அலுவலகத்தில் சொல்லி வைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன், பணம் வேண்டாம், பஸ்ஸில் வந்து பார்த்துக் கொடுக்கிறேன். வேலை நாளில்தான் செய்ய வேண்டும் என்றால் ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
நெட்வொர்க் நிர்வாகி ஒருவர்,
அருவங்காடு, நீலகிரி.
(பெயரை வெளியிட வேண்டாம்.)